பூதத்திடம் என்ன கேட்பது

இன்று காலை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. எதிர் வீட்டு சம்ப்பில் குழாயைச் சொருகிவிட்டு ஓட்டுநர் பீடி பற்றவைத்துக்கொண்டார். காய்ந்து கிடந்த சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் விழும்போது ஒரு வாசனை கிளம்புமே, ஈரச் சிமெண்டும் டீசலும் கலந்த வாசனை, அது மாடி வரைக்கும் ஏறி வந்தது. காபி டம்ளரோடு பால்கனியில் நின்ற நான் என்னையறியாமல் வாய்விட்டுப் பேசியிருக்கிறேன். உள்ளேயிருந்து என் மகள், "யார்கிட்டம்மா பேசுற?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. "வந்துட்டான்டி, ஸ்கிரீனைப் பாரு" என்று சொல்லியிருக்கிறேன். அது உன் வாக்கியம். உன் குரலில் சொல்லிப் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

தண்ணீர் லாரியைப் பார்த்தால் உன் ஞாபகம் வருகிறது என்று வெளியே சொன்னால் யாருக்கும் விளங்காது. நாம் வேலை பார்த்த இடத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விளங்கும். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நம் கம்பெனி. ஹாலில் நம் மேசைகள், சமையலறையில் ஃபைல்கள், பின்பக்கப் படுக்கையறையில் ஏசி போட்டு மூன்று சர்வர்கள். ஊரார் வெப்சைட்டுகளை அவற்றில் வைத்து ஓட்டிக்கொடுப்பது தொழில். அந்தப் படுக்கையறையை எம்.டி. சார் போனில் 'எங்க டேட்டா சென்டர்' என்று சொல்லும்போதெல்லாம் நீ மேசைக்கடியில் குனிந்துகொள்வாய். ஒரு நாள் அவர் போனை வைப்பதற்குள், "டேட்டா சென்டர்ல கொசுவத்தி தீந்துபோச்சு சார்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாய். அவரும் சிரித்துவிட்டார். உன்னிடம் கோபித்துக்கொள்வது யாருக்கும் சுலபமாக வந்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. குழந்தை பிறந்து மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு நான் மறுபடி வேலைக்கு வந்திருந்தேன். வந்த அன்றே எம்.டி. சொல்லிவிட்டார், கொஞ்ச நாள் பார்க்கலாம், சரிப்பட்டால் வைத்துக்கொள்கிறேன் என்று. என் கணவருக்கு வேலை ஓசூரில். வாரக் கடைசியில் வந்து போவார். இந்த வேலை நிலைக்காவிட்டால் சேலையூர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குழந்தையோடு நான் மாமியார் ஊருக்குப் போய்விடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாமியார் நல்லவர்தான். ஆனால் போனால் திரும்பி வர மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரைத் தொட்டு வளர்ந்த கை, இனி தோசைக்கல்லோடு சரி. உனக்கு மட்டும்தான் இதைச் சொல்லியிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பெரிய சர்வர் விழ ஆரம்பித்தது. வங்கித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையம் அதில் தன் மாதிரித் தேர்வுகளை நடத்திக்கொண்டிருந்தது. நம் கம்பெனிக்குச் சோறு போட்ட வாடிக்கையாளர் அவர்கள்தான். பிற்பகலில் திடீரென்று சர்வர் செத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்துகொள்ளும். எதனால் செத்தது என்று ஒரு வரிகூட எழுதி வைத்திருக்காது. தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் விடைகள் காற்றோடு போயிருக்கும். மையத்துக்காரர் போன் போட்டுக் கத்துவார்.

வந்த புதிதில் நான் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். தினமும் தகவலையெல்லாம் இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து வைக்கும் சின்ன நிரல். காலையிலும் மாலையிலும் மாணவர் கூட்டம் அதிகம், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வு என்று பார்த்து அந்த நேரத்தில் ஓடும்படி வைத்தேன். சர்வர் விழுந்ததும் அந்த நேரத்தில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக எல்லாருடைய கண்ணும் காக்கையின் மேலேயே போயிற்று. காக்கை நான்.

"உன் ஸ்கிரிப்ட் வந்த பிறகுதாம்மா இதெல்லாம். மாசக் கடைசில உக்காந்து பேசிடலாம்" என்றார் எம்.டி. உட்கார்ந்து பேசுவது என்றால் என்ன என்று எனக்குப் புரியாதா? நான் மென்று விழுங்கி, "ஆமா சார், என்னுதாத்தான் இருக்கும். சாரி சார்" என்றேன்.

அவர் போனதும் நீ நாற்காலியைத் திருப்பினாய்.

"நீ பாத்தியா?"

"என்னத்த?"

"உன்னுதாலதான் வுழுந்துச்சுன்னு நீ பாத்தியான்னு கேக்குறேன். பாக்காமயே கையத் தூக்கிகினு நிக்கிற. இன்னாடி இது, போலீஸ் ஸ்டேசனா?"

"எல்லாரும் சொல்றாங்களே."

"எல்லாரும் பாத்தாங்களா?"

எனக்கு உண்மையிலேயே என் மேல்தான் சந்தேகம். மூன்று வருஷம் விட்டுப்போன கை. ஏதோ ஒரு வரியைத் தப்பாக எழுதியிருப்பேன் என்று நாள் தவறாமல் ஸ்கிரிப்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிடைக்காதபோது, தப்பைக் கண்டுபிடிக்கக்கூடத் துப்பில்லை என்று அதற்கும் சேர்த்து என்னையே திட்டிக்கொண்டேன்.

உன் வேலை மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது. இது உன் தலைவலியே இல்லை. ஆனாலும் மறுநாள் காலை பையை வைத்த கையோடு அந்தச் சர்வரில் ஒரு கண்காணிப்பு டீமனை ஏற்றினாய். யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலுக்கு டீமன் என்று பெயர். நீ அதைப் 'பூதம்' என்றே கூப்பிட்டாய். அந்தப் பூதத்துக்குச் சொந்தமாகக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. எதைப் பார்க்க வேண்டுமோ அதற்கென்று பிளகின் என்னும் ஒரு துணை நிரலை நாம்தான் மாட்டிவிட வேண்டும். மெமரியைப் பார்க்க ஒன்று, டிஸ்கைப் பார்க்க ஒன்று, சூட்டைப் பார்க்க ஒன்று. பூதத்துக்கான கட்டளைகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒவ்வொரு பிளகினுக்கும் ஒரு வரி. வரியின் தலையில் # குறி இருந்தால் அந்தப் பிளகின் தூங்கும். குறியை எடுத்துவிட்டால் விழித்துக்கொள்ளும். சில விநாடிகளுக்கு ஒரு தரம் பூதம் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஓர் எண்ணைக் குறித்து வைக்கும். அந்த எண்களைச் சேர்த்தால் திரையில் ஒரு கோடு.

முதலில் அதுவாகவே விழித்திருந்த இரண்டு மூன்று பிளகின்களோடு ஓடவிட்டாய். அடுத்த முறை சர்வர் விழுந்தபோது கோடு கிடைத்தது. ஒழுங்காக வந்த கோடு மேடாக எழும்பி, மேட்டின் உச்சியில் பட்டென்று அறுந்திருந்தது. அந்த மேடு என் பேக்கப் ஓடியதால் வந்த சுமை. எம்.டி. திரையில் விரலை வைத்து, "பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல?" என்றார். சாட்சி சொல்ல நாமே ஆளைக் கூட்டிவந்து, அவன் நமக்கே எதிராகச் சொன்னது போலிருந்தது.

உனக்கு ரோஷம் வந்துவிட்டது. எம்.டி. பக்கம் திரும்பாமலே கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, அதிலிருந்த அத்தனை # குறிகளையும் ஒரே வீச்சில் எடுத்துவிட்டாய். நம்மிடம் இல்லாத வயர்லெஸ்ஸைக் கவனிக்கும் பிளகின், மடிக்கணினியின் பேட்டரியைக் கவனிக்கும் பிளகின், பெயரைப் படித்தால்கூட எதற்கென்று புரியாத பிளகின், எல்லாம் விழித்துக்கொண்டன. "பூதத்துக்கு வேலை குடுத்துகினே இருக்கணும். இல்லாங்காட்டி நம்மளத் தின்னுடும்" என்றாய்.

வேலை கொடுத்ததால்தான் தின்றது. ஆயிரம் எண்ணை ஆயிரம் சின்னச் சின்ன ஃபைலில் ஓயாமல் எழுதப் போய் டிஸ்க் மூச்சுத் திணறிற்று. மாலைக் கூட்டம் வந்த நேரத்தில் தேர்வுப் பக்கம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. போன் அலறியது. எம்.டி. ஹாலுக்கு ஓடிவந்து நேராக என் மேசையைப் பார்த்தார். நான் எழுந்திருப்பதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"சார், அவ இல்ல. நான்தான். எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டேன், தாங்கல. அஞ்சு நிமிசம் குடுங்க, எடுத்துர்றேன்."

இவ்வளவுதான். 'இரண்டு டீ, ஒன்று சக்கரை கம்மி' என்கிற தொனியில் சொன்னாய். சொன்னபடி எடுத்தும் விட்டாய். அவர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுப் போனார். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன்னுடைய தப்பை இவ்வளவு லேசாக ஒருத்தியால் எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஆச்சரியம். தன்னுடையது இல்லாததை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதால்தான் உன்னுடையது உனக்குக் கனக்கவில்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஜங்ஷன் டீக்கடையில் நின்றபடி நீயே உன்னைக் கிண்டல் செய்துகொண்டாய். உன் அம்மா கானத்தூர்ப் பக்கம் குப்பத்திலிருந்து மீன் எடுத்துவந்து மேடவாக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தார். "எங்கம்மா ஏலத்துல நிக்கிறப்ப கரைக்கு வந்த மீன் எல்லாத்தையுமா வாங்கும்? இன்னிக்கு மேடவாக்கத்துல எவன் இன்னா கேப்பான்னு நெனச்சிகினு அத்த மட்டும் எடுக்கும். நான் கரையையே வாரிகினு வந்து கூடைய ஒடச்சிட்டேன்டி."

"அப்ப எதை எடுக்கறது?"

"நீ சொல்லு. ஒரு சர்வர் இன்னா இன்னாவால சாவும்?"

டீ ஆறிப்போகும் வரை நான் சொல்லிக்கொண்டே போனேன். சூடு ஏறினால் சாகும். மெமரி தீர்ந்தால் சாகும். டிஸ்க் கெட்டால் சாகும். கரண்ட் போனால் சாகும். "அவ்ளோதான்? அப்ப அவ்ளோதான் கேக்கணும்" என்றாய். ஒரு சந்தேகத்துக்கு ஒரு பிளகின், மற்றதெல்லாம் தூங்கட்டும். நான் கூடுதலாக ஒன்று கேட்டேன், என் பேக்கப் எப்போது ஓடுகிறது என்பதையும் ஒரு கோடாகப் போட முடியுமா என்று. குற்றவாளி நானே என்றாலும் தேதியோடு தெரிந்துகொள்ளலாமே. நீ என் முதுகில் ஒன்று வைத்தாய்.

அந்தக் கோடுதான் என் கண்ணைத் திறந்தது. என் பேக்கப் தினமும் ஓடியிருந்தது. பெரும்பாலான நாட்களில் ஓடி முடித்துவிட்டுச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டிருந்தது. இடையில் எப்போதாவது ஒரு நாள்தான் சர்வர் விழுந்திருந்தது. இத்தனை நாளும் நான் விழுந்த நாட்களையே மனசில் போட்டு உருட்டியிருக்கிறேன். விழாத நாட்கள் என் கண்ணில் படவே இல்லை. அவையும் நாட்கள்தானே என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சூடு சரியாக இருந்தது. மெமரியில் குறையில்லை. டிஸ்க் நன்றாக இருந்தது. மிச்சம் இருந்தது கரண்ட். எம்.டி.யிடம் சொன்னதற்குச் சிரித்தார். "பவரா? யூபிஎஸ் எதுக்கும்மா வெச்சிருக்கோம்? பெரிய சர்வருக்குன்னே தனியா ஒரு ஃபேஸ் இழுத்திருக்கேன். ப்ராப்ளம்னா யூபிஎஸ் கத்தியிருக்குமே?" அது கத்தவில்லை என்பது உண்மை. நம் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை.

"கத்தலன்னா இன்னா, கேட்டுப் பாக்கலாம்" என்றாய். யூபிஎஸ்ஸிடம் பேசும் பிளகின் ஒன்று இருந்தது. அதற்கு யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு கேபிள் வேண்டும். நாற்காலி போட்டு ஏறிப் பரணில் தேடினால், யூபிஎஸ் வாங்கியபோது வந்த கேபிள் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. மாட்டினாய். # குறியை எடுத்தாய். பூதத்தைத் திரும்ப எழுப்பினாய். கோடு வரவில்லை. நீ பொறுமை இழந்து யூபிஎஸ்ஸை அதட்ட ஆரம்பித்தாய். அந்த இடைவெளியில் நான் உதவிப் பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். பிளகினை எழுப்பினால் மட்டும் போதாது. எந்த வாசலில் போய்க் கேட்க வேண்டும் என்று அதற்குத் தனியாக இரண்டு வரி எழுதித் தர வேண்டும். எழுதினேன். கோடு வந்தது. அந்த அலுவலகத்தில் நானாக ஒன்றைச் சரிசெய்தது அதுதான் முதல் தடவை. நீ என் கன்னத்தைக் கிள்ளி, "இவளையா வூட்டுக்கு அனுப்பப் பாக்குறாரு!" என்றாய்.

பிறகு காத்திருந்தோம். எவ்வளவு நாள் விழக்கூடாது என்று வேண்டியிருப்பேன்! இப்போது விழு, விழு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சனியன் அசையாமல் நின்றது.

ஒருநாள் பிற்பகல் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். உள்ளே வரும் வோல்டேஜின் கோடு சரிந்து சரிந்து கீழே போயிருந்தது. யூபிஎஸ் பேட்டரிக்கு மாறியிருந்தது. பேட்டரிக் கோடு சீட்டுக்கட்டு போலச் சாய்ந்திருந்தது. அதற்கப்புறம் வெறும் இடைவெளி. ஆனால் ஹாலில் விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, விளக்கு மங்கவில்லை. பெரிய சர்வருக்கு வரும் லைனில் மட்டும் என்ன நடக்கிறது? ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. ஈரச் சிமெண்டு, டீசல். போன தடவை விழுந்தபோது தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேனே, அப்போதும் இதே வாசனையை முகர்ந்திருக்கிறேன்.

"லாரி" என்றேன். "லாரி வர்ற அன்னிக்கெல்லாம் விழுது."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. நீ அசரவில்லை. "சொல்லாத. அடுத்த தபா பாக்கலாம்" என்றாய். உன்னை அப்போது கடித்துக் குதறலாம் போலிருந்தது.

அடுத்த லாரி வர இரண்டு மூன்று நாள் ஆயிற்று. நீ மாடிப்படி ஜன்னலில் நின்றாய். நான் திரையின் முன்னால். "வந்துட்டான்டி, ஸ்கிரீனைப் பாரு!" என்று கத்தினாய். லாரி தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகும் வரைக்கும் கோடு ஆடவில்லை. எனக்கு முகம் தொங்கிவிட்டது. பிறகு கீழே ஏதோ ஒரு கைப்பிடி இழுபடும் சத்தம். கோடு சரிந்தது. "எறங்குது, எறங்குது!" என்று நான் அலற, நீ செருப்புக்கூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினாய்.

படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் பெட்டி. அதன் முன்னால் பனியனோடு வீட்டுக்காரர் நின்றிருந்தார். மேலே எனக்கு எல்லாம் கேட்டது.

"என்னம்மா இப்படி ஓடியார? தீ கீ புடிச்சிடுச்சா?"

"அய்யா, இப்ப இன்னாத்த இழுத்தீங்க?"

"ஃபேஸ் மாத்தினேம்மா. சம்ப்ல தண்ணி வந்திருக்கு, மேல டேங்குக்கு ஏத்தணும். லோ வோல்டேஜ், மோட்டார் எடுக்க மாட்டேங்குது. உங்க லைன்ல போட்டா நல்லா இழுக்குது. ஏன், ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

தாம்பரத்துப் பக்கம் அன்றைக்கு வீட்டுக்கு வீடு இருந்த பழக்கம் அது. ஒரு ஃபேஸில் கரண்ட் இளைத்தால் கைப்பிடியை இழுத்து அடுத்த ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியது. மனுஷன் நம் மேல் ஒரு விரோதமும் இல்லாமல், நமக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் தண்ணீர் ஏற்றிய பகலெல்லாம் நான் பாவியாகிக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நீ படியில் உட்கார்ந்து சிரித்தாய். "தப்பெல்லாம் ஒண்ணும் இல்லய்யா. தண்ணி ஏத்துனீங்க, அவ்ளோதான்" என்றாய். அவர் ஒன்றும் புரியாமல் உனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவரச் சொன்னார்.

மிச்சத்தை எம்.டி. தானே சொன்னார். கோடையில் கரண்ட் போகும்போதெல்லாம் யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியதாம். வாடிக்கையாளரிடம் போனில் பேசும்போது கேட்கிறதே என்று எலக்ட்ரீஷியனை வைத்து அந்தச் சத்தத்தின் ஒயரை எடுத்துவிட்டு, அப்புறம் அதை மறந்தே போனாராம். பேட்டரி கிழடாகிப்போனது அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. புது பேட்டரி வந்தது, ஒயர் திரும்பப் போடப்பட்டது, மோட்டாரும் நம் லைனைத் தொடாமல் தனியாயிற்று. மாசக் கடைசியில் உட்காரவும் இல்லை, பேசவும் இல்லை. என் மேசையைக் கடந்து போகும்போது, "அப்ப கன்டினியூ பண்ணும்மா" என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அன்று மாலை எப்படி இருந்தது என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் தரையில் பாவவில்லை. குழந்தையைப் பள்ளியிலிருந்து தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் அவளுக்குக் கதை சொன்னேன், ஒரு பூதம், ஒரு லாரி, ஒரு தாத்தா என்று. மூன்று வயசுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பூதம் நல்லதா, கெட்டதா?" என்றாள். நல்லதுதான் என்றேன். நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது. மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போன அழுகை.

அதற்குப் பிறகு நீ பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய கம்பெனிக்குப் போனாய். நான் வேறெங்கோ போனேன். வருஷங்கள் ஓடின. ஏதாவது பெரிதாக விழும்போதெல்லாம் உனக்குப் போன் செய்வேன். நீ விஷயத்தைக் கேட்பதற்கு முன்னால் என் குரலைக் கேட்டே, "ஆரம்பிச்சிட்டியா, உன்னுதாலதான்னு?" என்று சிரிப்பாய். சாப்பாட்டைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் பேசிவிட்டு வைப்போம்.

சென்ற ஆண்டு உன் தங்கையின் போன் வந்தது. தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றாள். நான் கானத்தூர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உன்னைக் கரையோரச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போன பிறகும் உன் அம்மா ஒரு சொட்டு அழவில்லை. சுவரில் தலையை மோதிக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "தல நோவுதும்மான்னு சொல்லுச்சே என் கண்ணு. தைலத்தத் தேச்சிவுட்டு சும்மா இருந்துட்டேனே. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருந்தா பொழச்சிருக்குமே. நான்தான் கொன்னுட்டேன்." வந்தவர்கள் எல்லாரும், விதி, மனசைத் தேத்திக்கோ, சாப்பிடு என்றார்கள். அந்த வீட்டில் அம்மாவைப் போலவே இன்னொருத்தியும் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் போனில் உன் குரல் சோர்ந்திருந்ததே, நான் ஏன் விசாரிக்கவில்லை என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டு, நான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. கேட்கத்தான் தெரியும்.

"எப்பம்மா தலை வலிக்குதுன்னு சொன்னா?"

"அன்னிக்குக் காலீல."

"அதுக்கு முன்னாடி? முந்தின நாள், போன வாரம்?"

"இல்ல. ராத்திரிகூட நல்லா துன்னுச்சே. டிவி பாத்துச்சே."

"சோர்வா இருந்தாளா?"

"சளி புடிச்சிருந்துது, அது போன வாரமே சரியாப்போச்சு."

"தைலம் தேச்ச பிறகு என்ன பண்ணீங்க?"

அம்மா யோசித்தார். அவருக்கு நினைவு வரவில்லை. பக்கத்தில் இருந்த உன் தங்கைதான் பேசினாள். "யம்மா, நீதானே அக்காவத் திட்டி டாக்டராண்ட அனுப்புன? 'வேலக்கிப் போனீன்னா காலை ஒடைப்பேன்'னு கத்தல? நான்தானே வண்டீல இட்டுகினு போனேன். டாக்டரு பிரசர் பாத்தாரு, கண்ணுல லைட்டு அடிச்சிப் பாத்தாரு, நார்மலா கீதுன்னாரு. எதுக்கும் சாயந்திரம் ஸ்கேன் எடுத்துடலாம்னு எழுதிக்கூடக் குடுத்தாரே. வூட்டுக்கு வந்து செருப்பக் கழட்டறப்பதானே வுழுந்துச்சு."

அம்மா அவளையே பார்த்தார். "நானா அனுப்புனேன்?"

"நீதாம்மா. தெருவே கேட்டுச்சு."

"நானா அனுப்புனேன்?" என்று மறுபடி கேட்டார். "ஆமாம்மா, நீங்கதான்" என்று நான் சொன்னேன். சுவரில் மோதிக்கொண்டிருந்த தலை நின்றது. அம்மா வாசலைப் பார்த்து உன் பெயரை ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு என் மடியில் விழுந்து அழுதார். அதுவரைக்கும் தன்னைத் தூக்கில் போடுவதிலேயே இருந்த மனுஷி, அப்போதுதான் மகளை இழந்தவளாக அழுதார்.

நானும் சேர்ந்து அழுதேன். துக்க வீட்டிலிருந்து திரும்புகிறவள் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. போனில் உன் குரலில் நான் கேட்ட சோர்வு வெறும் சளி. உன்னை நாங்கள் யாரும் தவறவிடவில்லை. நீ போய்விட்டாய், அவ்வளவுதான். இந்தத் துக்கம் இனி என்னை விட்டுப் போகாது. ஆனால் இதில் வேறு எதுவும் கலக்கவில்லை. இது முழுக்க உன்னுடையது, அதனால் சுமக்க முடிகிறது.